அடி வாங்கியது யார்?

பள்ளிப்பட்டில் சாயங்கால ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேரிடம் ஒரு வேலை கொடுத்தேன். அன்றைக்கு மதியம் அவர்கள் வகுப்பில் ஒரு சண்டை. ஒருத்தன் இன்னொருத்தனை அறைந்துவிட்டான். அறைந்தவனை முருகன் என்றும் வாங்கியவனைக் குமார் என்றும் வைத்துக்கொள்வோம். “குமார் வந்து உங்ககிட்ட என்ன சொன்னான்? அதை இங்கிலீஷ்ல ஒரே வரியில எழுதுங்க” என்றேன்.

முதல் பையன் எழுதினான்: ‘குமார் செட் தட் முருகன் ஸ்லாப்ட் ஹிம்செல்ஃப்.’

இரண்டாவது பையன்: ‘குமார் செட் தட் முருகன் ஸ்லாப்ட் மீ.’

மூன்றாவது பையன்: ‘குமார் செட் தட் முருகன் ஸ்லாப்ட் ஹிம்.’

முதல் வரியின்படி முருகன் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருக்கிறான். இரண்டாவது வரியின்படி அடி வாங்கியது அதை எழுதிய பையன். மூன்றாவதுதான் சரி. ஆனால் அதிலும் அந்த ‘ஹிம்’ குமார்தானா, இல்லை வேறு எவனாவதா என்று வரியை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. விழுந்தது ஒரே அறை. காகிதத்தில் அதை மூன்று பேருக்குப் பங்கு வைத்திருந்தார்கள்.

முதல் இரண்டு விடைகளையும் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போயிருக்கலாம். பல வருஷம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு என்னவோ முதல் பையனிடம், “ஏன்டா ஹிம்செல்ஃப் போட்ட?” என்று கேட்டேன். “சார், முருகன் தன்னை அடிச்சான்னுதான் குமார் சொன்னான். தன்னைன்னா ஹிம்செல்ஃப்தானே?” என்றான். என்னிடம் பதில் இல்லை. அவன் சொன்ன தமிழ் வாக்கியத்தில் ஒரு பிழையும் கிடையாது. பாடப்புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல் பட்டியலிலும் தன்னை என்றால் ஹிம்செல்ஃப் என்றுதான் போட்டிருந்தது.

அந்தப் பதிலைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை. தேடியபோது ‘தான்’ என்ற சின்னச் சொல்லின் வரலாறும், இந்த ஊர் இரண்டு மாநிலத்துக்கு நடுவில் இழுபட்ட வரலாறும், ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க நம் நாட்டில் மாறி மாறி வந்த முறைகளின் வரலாறும் ஒரே இடத்தில் வந்து முட்டின.

*

முதலில் அந்தப் பையன் செய்ததைப் பார்ப்போம். ‘முருகன் தன்னை அடித்ததாகக் குமார் சொன்னான்’ என்று தமிழில் சொன்னால், தன்னை என்பது குமாரைக் குறிக்கும். யார் வாய் வழியாகச் செய்தி வருகிறதோ, அந்த ஆளைப் போய்ப் பிடிக்கும் குணம் ‘தான்’ என்ற சொல்லுக்கு உண்டு. அடித்தவன் பக்கத்திலேயே நின்றாலும் அவனைத் தாண்டிப் போகும். ஆங்கிலத்தின் ‘ஹிம்செல்ஃப்’ அப்படித் தாண்டாது. தன் வாக்கியத்துண்டுக்குள் இருக்கும் எழுவாயை மட்டும்தான் பிடிக்கும். அந்தத் துண்டில் எழுவாய் முருகன். ஆகவே அறை முருகனுக்கே திரும்பிவிட்டது.

இரண்டாவது பையனின் தப்பும் இதற்குப் பக்கத்து வீடுதான். பேச்சில் நாம் தன்னை என்பதை அவ்வளவாகப் புழங்குவதில்லை. ‘முருகன் என்னை அடிச்சான்னு குமார் சொன்னான்’ என்போம். அடுத்தவன் வாய்ப்பேச்சை அப்படியே எடுத்து நடுவில் வைத்துவிட்டு, ‘னு’ போட்டு முடிச்சுப் போடுவோம். கேட்பவருக்குக் குழப்பமே வராது. ஆங்கிலத்தில் அந்த ‘னு’வின் வேலையை மேற்கோள் குறிதான் செய்ய வேண்டும். பையன் குறியைப் போடவில்லை. அடி அவன் தலையில் இறங்கிவிட்டது.

‘தான்’ ரொம்பப் பழைய சொல். தொல்காப்பியம் பெயர்ச்சொற்களை வகைப்படுத்தும்போது ‘தாம், தான், நீ, நீயிர்’ ஆகியவற்றை விரவுப்பெயர் வரிசையில் வைக்கிறது. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான பெயர்கள் இவை. இன்றைக்கும் ‘தான்’ அப்படித்தான் இருக்கிறது. அவனுக்கும் தான், அவளுக்கும் தான், மாட்டுக்கும் தான். ஆங்கிலப் பையனுக்கு ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப் என்று மூன்று தேவைப்படும் இடத்தில் நமக்கு ஒன்றே போதும்.

நம் உறவுப் பெயர்களுக்குள்ளும் இந்தச் சொல் ஒளிந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் எந்தை என்றால் என் அப்பா, நுந்தை என்றால் உன் அப்பா, தந்தை என்றால் அவனுடைய, அவளுடைய அப்பா. எம்பி, நும்பி, தம்பி என்பதும் அதே வரிசைதான். காலப்போக்கில் எந்தையும் நுந்தையும் உதிர்ந்து, ‘தன்’ ஒட்டிய வடிவம் மட்டும் பொதுப்பெயராக நின்றுவிட்டது. வகுப்பில் “தம்பி, இங்க வா” என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் இரண்டாயிரம் வருஷத்துப் பழைய தற்சுட்டுப் பெயரைத்தான் உச்சரிக்கிறோம்.

பள்ளிப்பட்டில் இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவர்களிடம் கேட்டால், அப்பாவுக்குத் தண்ட்ரி, தம்பிக்குத் தம்முடு என்பார்கள். தந்தை - தண்ட்ரி, தம்பி - தம்முடு. இரண்டிலும் அதே ‘தன்’, ‘தம்’. தெலுங்கில் ‘தானு’ என்ற சொல்லும் நம் ‘தான்’ போலவே வாக்கியத்தைத் தாண்டிப் போய்ச் சொன்னவனைப் பிடிக்கும். தமிழில் மரியாதைக்குச் சொல்லும் ‘தாங்கள்’ இந்தத் ‘தாம்’ வழியாக வந்தது. தெலுங்கில் அதே மரியாதைக்குத் ‘தமரு’ என்பார்கள். அதுவும் இதே வேர்தான்.

இந்த ஒற்றுமையை முதலில் விரிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் ராபர்ட் கால்டுவெல். 1856இல் வெளிவந்த அவருடைய திராவிட ஒப்பிலக்கணத்தில் தற்சுட்டுப் பெயருக்குத் தனிப் பகுதியே உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என எல்லாவற்றிலும் இது ஒரே சொல் என்று வரிசைப்படுத்திக் காட்டுகிறார்.

*

ஒரே சொல்லைப் பேசுகிற இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் கோடு எங்கே போடுவது என்பதுதான் இந்த ஊரின் அரசியல் வரலாறு.

பிரிட்டிஷ் காலத்தில் திருத்தணி வட்டாரம் கார்வேட்டிநகரம் ஜமீனில், வடார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதோடு போனது. அப்போது எல்லாமே சென்னை மாகாணம்தான் என்பதால் யாருக்கும் பெரிதாக வலிக்கவில்லை. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுசாக அந்தப் பக்கம் போனது. திருத்தணியும் பள்ளிப்பட்டும் அதில் அடக்கம். ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் முன்னால் நின்ற வடக்கெல்லைப் போராட்டம் இந்த மண்ணில்தான் நடந்தது. கடைசியில் எச். வி. படாஸ்கர் நடுவராக நியமிக்கப்பட்டார். கிராமத்தை அலகாக எடுப்பது, எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம் என்று பார்ப்பது, நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்பது. இதுதான் அவர் பின்பற்றிய அளவுகோல். 1959இல் எல்லை மாற்றச் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சத்தியவேடு பகுதி அந்தப் பக்கம் போனது. நாங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் ஆனோம். 1997இல் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் ஆனோம்.

கிராமத்தை அலகாக வைத்தால் கோடு போட முடியும். வீட்டை அலகாக வைத்தால் முடியாது. இங்கே அம்மாவிடம் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், நகரிக்குப் போனால் மறுபடி தெலுங்கு என்று ஒரே நாளில் மூன்று முறை மாறுகிற ஆட்கள் இருக்கிறார்கள். இன்னும் நுணுக்கமாக, வாக்கியத்தை அலகாக வைத்துப் பார்த்தால் கோடே காணாமல் போய்விடும். ‘முருகன் தன்னை அடிச்சான்னு’ என்பதும் ‘முருகன் தனனி கொட்டாடனி’ என்பதும் ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள். தமிழ்ப் பையன் ஆங்கிலத்தில் எந்த இடத்தில் இடறுகிறானோ, அதே இடத்தில்தான் தெலுங்குப் பையனும் இடறுகிறான்.

*

சரி, ஆங்கிலம் மட்டும் பிறந்தபோதே இவ்வளவு ஒழுங்காக இருந்ததா? இல்லை.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் தற்சுட்டுக்கென்று தனிச் சொல்லே கிடையாது. ‘அவன் அவனைக் கழுவினான்’ என்று சொல்வார்கள். தன்னையே கழுவினானா, வேறொருவனைக் கழுவினானா என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ‘செல்ஃப்’ என்ற சொல் இருந்தது. ஆனால் அது அழுத்தத்துக்கு. நாம் ‘அவனே’ என்று ஏகாரம் போடுகிறோமே, அந்த வேலை. மெல்ல மெல்ல அது ‘ஹிம்’ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒட்டி, தற்சுட்டாக மாறியது.

ஒட்டிய விதத்திலும் ஒரு குளறுபடி. மைசெல்ஃப், யுவர்செல்ஃப், அவர்செல்வ்ஸ் ஆகியவற்றில் முன்னால் நிற்பது ‘என்’, ‘உன்’, ‘நம்’ என்ற உடைமைச் சொல். ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ் ஆகியவற்றில் முன்னால் நிற்பது ‘அவனை’, ‘அவர்களை’. ஒரே வரிசைக்குள் இரண்டு விதி. பழைய காலத்தில் ‘மீ செல்ஃப்’ என்றுதான் இருந்தது. பிற்பாடு செல்ஃப் என்பதை ஒரு பொருளின் பெயர் போல நினைத்து, ‘என்னுடைய செல்ஃப்’ என்ற கணக்கில் ‘மை’ ஆக்கிக்கொண்டார்கள். ‘ஹிம்’ மட்டும் மாறாமல் தங்கிவிட்டது. ‘தெம்செல்வ்ஸ்’ நிலைபெற்றதே 16ஆம் நூற்றாண்டில்தான்.

வருஷா வருஷம் என் பிள்ளைகளில் நாலு பேராவது ‘ஹிஸ்செல்ஃப்’, ‘தேர்செல்வ்ஸ்’ என்று எழுதுவார்கள். தப்புதான், மார்க் போகும். ஆனால் இங்கிலாந்தின் வட்டார வழக்கிலும், அமெரிக்காவின் தென்பகுதிப் பேச்சிலும் இதே ஹிஸ்செல்ஃப் இன்றைக்கும் இருக்கிறது. மை, யுவர், அவர் என்று வந்தால் அடுத்தது ஹிஸ்தானே வரணும் என்று கணக்குப் போட்டவன் முட்டாளாக முடியாது. ஆங்கிலம் பாதி வழியில் நிறுத்திய வேலையை அவன் முடித்து வைக்கிறான். இதைச் சொன்ன பிறகு அந்தத் தப்பைத் திருத்துவது எனக்குச் சுலபமாகிவிட்டது. “நீ போட்டதுதான் நியாயம். அவங்க பழக்கம் வேற. இந்த ரெண்டை மட்டும் மனப்பாடம் பண்ணிக்க” என்றால் பையன் முகம் சுருங்குவதில்லை.

*

இவ்வளவு பழைய சிக்கலை நம் பள்ளிக்கூடங்கள் எப்படிக் கையாண்டன?

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியக் கல்வித் துறையில் வேலை பார்த்த ஜே. சி. நெஸ்ஃபீல்ட் எழுதிய இலக்கணப் புத்தகங்கள் நாடெங்கும் ஓடின. 1930களில் ரென் அண்ட் மார்ட்டின் வந்தது. இன்றைக்கும் பழைய புத்தகக் கடையில் சிவப்பு அட்டையோடு கிடக்கும். இவற்றின் வழி இதுதான்: முதலில் வரையறை, பிறகு பட்டியல், பிறகு பயிற்சி. ‘செல்ஃப்’ சொற்கள் இரண்டு வேலை செய்யும், ஒன்று தற்சுட்டு, மற்றது அழுத்தம் என்று அழகாகப் பிரித்துக் காட்டுவார்கள். பிள்ளைகள் பட்டியலை ஒப்பித்துவிடுவார்கள். தன் சொந்த வாக்கியத்தைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது எங்கே இடறும் என்று அந்தப் புத்தகங்கள் சொல்லவில்லை. பாட்னாவுக்கும் பள்ளிப்பட்டுக்கும் ஒரே புத்தகம். எப்படிச் சொல்ல முடியும்?

1950களில் காற்று மாறியது. இலக்கண விதியைச் சொல்லாதே, மொழிபெயர்க்காதே, வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாக அடுக்கு, பொருளைக் காட்டிச் செய்து காட்டிச் சொல்ல வை என்றது புதிய அமைப்புமுறை. சென்னை மாநிலம் இதில் தீவிரமாக இறங்கியது. 1958இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கியது. அதை ஒட்டியே பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு சென்னை மாநிலத்தில் ஆசிரியர் மறுபயிற்சி இயக்கம் ஒன்று நடந்தது. ஒரு சின்னக் குழுவுக்கு முதலில் பயிற்சி. அவர்கள் அடுத்த குழுவுக்கு, அந்தக் குழு அதற்கடுத்த குழுவுக்கு. பனிப்பந்து உருள உருளப் பெருக்கிற மாதிரி. 1962இல் ஆங்கிலம் கற்பித்தலுக்கான ஒரு பத்திரிகையில் டி. ஏ. ஸ்மித் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்ற பெயரும், 27,000 ஆசிரியர்கள் என்ற எண்ணும் இருக்கின்றன. பனியே பார்க்காத ஊரில் பனிப்பந்து.

காலத்தைக் கவனியுங்கள். பள்ளிப்பட்டு சென்னை மாநிலத்துக்கு வந்ததும், அந்த மாநிலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய ஒரே சமயம். எந்த மொழி என்பதற்காகச் சண்டை போட்டு ஊரை இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். அந்த மொழியை ஆங்கில வகுப்புக்குள் முடிந்தவரை விடாதே என்ற கொள்கையும் கூடவே வந்தது.

அமைப்புமுறையைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. வெறும் ஒப்பித்தலில் கிடந்த வகுப்பில் பிள்ளைகளின் வாயைத் திறக்க வைத்தது அது. கையில் கண்ணாடியைக் கொடுத்து, ‘நான் என்னைப் பார்க்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வைக்கலாம். தமிழில் ‘என்னை’ என்றாலே போதும் என்பதால் ‘ஐ ஸீ மீ’ என்று சொல்லும் பையன், பத்து முறை கண்ணாடியோடு பழகினால் ‘மைசெல்ஃப்’ என்று சொல்லிவிடுவான். அதுவரைக்கும் நல்லது. கண்ணாடியால் காட்ட முடியாத ஒன்று உண்டு. குமார் சொன்னதை எந்தக் கண்ணாடியில் காட்டுவது? ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தன் எடுத்துச் சொல்லும்போது ‘தன்னை’ எங்கே போகும் என்பதைப் புரிய வைக்க, பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கிற தமிழையோ தெலுங்கையோ எடுத்து மேசை மேல் வைத்தே ஆக வேண்டும். அதற்குத்தான் அனுமதி இல்லை.

1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்பவர் பெங்களூரிலும் தமிழ்நாட்டுப் பள்ளிகள் சிலவற்றிலும் வேறொரு சோதனை செய்து பார்த்தார். இலக்கணத்தை நேரடியாகச் சொல்லாமல், விடை கண்டுபிடிக்க வேண்டிய ஒரு சின்னப் புதிரைக் கொடுத்தால், அதில் மூழ்கும்போது மொழி தானாக வரும் என்பது அவர் எண்ணம். ரயில் அட்டவணை, வரைபடம் மாதிரியான வேலைகள். அவர் பெயர் உலகத்து ஆங்கில ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். நம்மில் பலருக்குத் தெரியாது. ‘அடி வாங்கியது யார்?’ என்று பிள்ளைகளிடம் கேட்டபோது நானும் என்னை அறியாமல் அவர் காட்டிய வழியில் கொஞ்ச தூரம் போயிருக்கிறேன்.

*

இதே காலத்தில் மொழியியல்காரர்களுக்கும் இந்தச் சின்னச் சொல் தலைவலி கொடுத்துக்கொண்டிருந்தது. நோம் சாம்ஸ்கி 1981இல் வெளியிட்ட புத்தகத்தில், தற்சுட்டுச் சொல் தனக்கு அருகில், தன் துண்டுக்குள்ளேயே தன் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு கொள்கை வகுத்தார். ஹிம்செல்ஃபுக்கு அச்சாகப் பொருந்தும். நம் ‘தான்’ அதற்கு அடங்காது. ஹைதராபாத் நிறுவனத்தில் இருந்த கே. ஏ. ஜெயசீலன் மலையாளத்துத் ‘தான்’ பற்றி எழுதினார். 2000இல் தெற்காசிய மொழிகளின் தற்சுட்டுச் சொற்களை மட்டும் வைத்து ஒரு தடிமனான தொகுப்பே வந்தது. அதில் தமிழைப் பற்றி எழுதியவர் இ. அண்ணாமலை. என் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஹிம்செல்ஃப் போட்ட இடத்தில்தான் இத்தனை பேரும் நின்று யோசித்திருக்கிறார்கள்.

அவர்கள் எல்லோரும் கவனித்த ஒரு விஷயம்தான் என் வகுப்புக்கு உதவியது. தமிழில் தற்சுட்டின் கனமான வேலையைப் பெரும்பாலும் செய்வது வினை. பெயர் பிறகுதான். ‘கொள்’ என்ற துணைவினை. பேச்சில் ‘கிட்டான்’.

‘முருகன் தன்னை அடிச்சான்னு குமார் சொன்னான்’ என்றால் அடி குமாருக்கு.

‘முருகன் தன்னை அடிச்சுக்கிட்டான்னு குமார் சொன்னான்’ என்றால் அடி முருகனுக்கே.

தெலுங்கிலும் அப்படியே. கொட்டாடு என்றால் அடித்தான். கொட்டுகுன்னாடு என்றால் அடித்துக்கொண்டான். நம் ‘கொள்’ அங்கே ‘கொனு’.

பலகையில் இதை எழுதிவிட்டு ஒரு விதி சொன்னேன்: “தன்னைன்னு கேட்டதும் ஹிம்செல்ஃபுக்குப் பாயாதே. வினையைப் பார். ‘கிட்டான்’ இருந்தா ஹிம்செல்ஃப். இல்லைன்னா ஹிம்.” இந்த விதி எல்லா இடத்திலும் ஓடாது. ‘கையைக் கழுவிக்கிட்டான்’ என்பதற்கு ஆங்கிலத்தில் செல்ஃப் வராது, ‘ஹிஸ் ஹேண்ட்ஸ்’ போதும். ‘வாங்கிக்கிட்டான்’ என்றால் தனக்காக வாங்கினான். ஆனாலும் பத்துக்கு ஏழு இடத்தில் கை கொடுக்கும்.

ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “சார், கண்ணாடியில பாத்துக்கிட்டு இருந்தான்னா? அதுலயும் கிட்டு இருக்கே?” நல்ல கேள்வி. தமிழில் அந்தக் ‘கிட்டு’ தொடர்ந்து நடக்கிற செயலுக்கும் வந்துவிடும். கண்ணாடியில் தன்னைப் பார்த்தானா, பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்த்தானா என்று தெரியாது. நான் தடுமாறியபோது, வீட்டில் தெலுங்கு பேசும் பையன் ஒருவன், “சார், எங்க வீட்டுல அது வேற வேற” என்றான். சூஸ்துன்னாடு என்றால் பார்த்துக்கொண்டிருக்கிறான். சூசுகுண்டுன்னாடு என்றால் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தமிழ் கலந்துவைத்திருந்த இரண்டையும் தெலுங்கு பிரித்துவைத்திருக்கிறது. அன்றைக்கு அந்தக் கேள்விக்கு வாத்தியார் அவன்தான்.

தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்த பிறகு தெலுங்கு வழிப் பள்ளிப் பிள்ளைகளும் தமிழ் படித்தே ஆக வேண்டும் என்றானது. அதை ஒட்டி வழக்குகளும் நடந்தன. எந்த மொழி எவ்வளவு இருக்கணும் என்பது இங்கே இன்னும் ஆறாத விவகாரம். ஆனால் அந்த வகுப்பறையில், ஒரு ஆங்கிலச் சொல்லைப் புரிந்துகொள்ள இரண்டு மொழியும் தேவைப்பட்டது என்பதை நாற்பது பிள்ளைகள் பார்த்தார்கள்.

‘இட்செல்ஃப்’புக்கு நான் கஷ்டப்படவே வேண்டியிருக்கவில்லை. பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்துப் பிள்ளைகள் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள். ஊடை அறுந்தா தறி தானா நின்னுடும். ‘பை இட்செல்ஃப்.’ ஒருமுறை சொன்னேன். அவ்வளவுதான்.

*

“இதெல்லாம் ஒரு மார்க் சமாச்சாரம், இவ்வளவு பேசணுமா?” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மார்க்கோடு முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

1862இல் சென்னை உயர் நீதிமன்றம் வந்ததிலிருந்து இன்றுவரை, கீழ்க் கோர்ட்டில் தமிழிலோ தெலுங்கிலோ சாட்சி சொன்ன ஒருவரின் வார்த்தை, மேல்முறையீட்டுக்குப் போகும்போது ஆங்கிலமாக மாறித்தான் போகிறது. ‘எதிரி தன்னைத் தள்ளியதாக வாதி கூறினார்’ என்ற வரி எத்தனை மனுக்களில் இருந்திருக்கும்! தமிழில் அந்தத் ‘தன்னை’ பாதிக்கப்பட்டவரின் குரல். அடுத்தவர் வாய் வழியாக வந்தாலும், ‘இது என் உடம்பில் நடந்தது’ என்று சொன்னவரோடு ஒட்டிக்கொண்டே வரும். ஆங்கிலத்தின் ‘ஹிம்’முக்கு அந்த ஒட்டுதல் கிடையாது. ‘ஹிம்செல்ஃப்’ போட்டுவிட்டாலோ, எதிரி தானாகவே விழுந்துவிட்டான் என்று ஆகிவிடும். கவனமான மொழிபெயர்ப்பாளர் அங்கே பெயரையே திரும்ப எழுதிவிடுவார். அந்தக் கவனம் எங்கிருந்தோ கற்றுக்கொள்ளப்பட வேண்டும். ஒன்பதாம் வகுப்பு அதற்கு நல்ல இடம்.

‘மைசெல்ஃப் குமார்’ என்று அறிமுகம் செய்துகொள்பவனைப் பார்த்துச் சிரிக்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. இன்டர்வியூவில் அப்படிச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயமுறுத்தும் கோச்சிங் விளம்பரங்களும் உண்டு. ‘ஐ ஆம் குமார்’ என்று சொல்லப் பழக்குவது நம் கடமைதான், ஏனென்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர் சிரிக்கப் போகிறார். ஆனால் மைசெல்ஃபை எழுவாயாக வைப்பது கிராமத்துக் கண்டுபிடிப்பு கிடையாது. 1859இல் வெளிவந்த ஃபிட்ஸ்ஜெரால்டின் உமர் கயாம் மொழிபெயர்ப்பில் ஒரு செய்யுள் அந்தச் சொல்லை எழுவாயாக வைத்துத்தான் தொடங்குகிறது. அவர் எழுதினால் கவிதை, நம்ம பையன் பேசினால் மீம்.

திருத்தணியில் 1888 செப்டம்பர் 5ஆம் தேதி, தெலுங்கு பேசும் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. திருத்தணியிலும் திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலும் படித்து வளர்ந்து, உபநிடதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ‘ஆத்மன்’ என்பதற்கு ‘செல்ஃப்’ என்று எழுதி உலகத்துக்கு விளக்கியது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். சமஸ்கிருதத்தில் ‘ஆத்மன்’ தத்துவச் சொல்லாக இருக்கும்போதே சாதாரணத் தற்சுட்டுப் பெயராகவும் வேலை செய்யும். ‘தன்னை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதைத்தான் போடுவார்கள். நம் தாலுகாப் பிள்ளை வாழ்நாள் முழுக்க விளக்கிக்கொண்டிருந்த சொல்லும், நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்த சொல்லும் அவ்வளவு தூரத்தில் இல்லை. அவர் பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன். பாதிப் பேர் கேட்பார்கள், பாதிப் பேர் சாக்லேட்டை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியில் அந்த மூன்று பையன்களையும் உட்காரவைத்து, வரியை மறுபடி எழுதச் சொன்னேன். முதல் பையன் ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு எழுதினான்: ‘முருகன் ஸ்லாப்ட் குமார். குமார் டோல்ட் அஸ்.’

இரண்டு சின்ன வாக்கியம். அதில் ஹிம்மும் இல்லை, ஹிம்செல்ஃபும் இல்லை. “பாடம் என்னமோ அதை எழுதலியேடா?” என்றேன்.

“இப்படி எழுதினா அடி வாங்குனது யாருன்னு யாருக்கும் டவுட் வராது சார்” என்றான்.

சிவப்புப் பேனாவை எடுத்து டிக் போட்டேன்.